பேனர் வைக்க முறையாக அனுமதி வாங்கியவர் யாராவது உண்டா?

வாசகர் கேள்வி, 17 செப்டம்பர் 2019

சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே இருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன பெண் லாரியில் சிக்கி இறந்த விபத்துக்குப் பிறகு எந்தச் செய்தியைத் திறந்தாலும் ‘அனுமதியில்லாத பேனர்’ என்றே எழுதுகிறார்கள். அப்படியானால் அனுமதியுள்ள பேனர் என்று ஒன்று இருக்க வேண்டும் இல்லையா? நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவில் நவராத்திரிக்குப் பொதுக் கொலு வைக்கிறோம். தெருமுனையில் ஒரே ஒரு பேனர், ஆறுக்கு நாலு அடி. யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 செப்டம்பர் 2019

உண்டு சார். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவருக்காக அலைந்து அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

2011இல் டிஜிட்டல் பேனருக்கென்றே தனி விதிகள் வந்தன. வைப்பதற்கு 15 நாள் முன்னால் மனுக் கொடுக்க வேண்டும். இடம் யாருடையதோ அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம், அப்புறம் காவல் துறையிடம் தடையின்மைச் சான்று. பேனருக்கு 200 ரூபாய் கட்டணம், 50 ரூபாய் வைப்புத்தொகை. கிடைத்தால் 6 நாள் வைக்கலாம். நடைபாதையில் கூடாது. பள்ளி, மருத்துவமனை, கோயில் வாசலில் கூடாது. இரண்டு பேனருக்கு நடுவே 10 மீட்டர் இடைவெளி வேண்டும். பேனரின் அடியில் அனுமதி எண்ணும், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும்.

நவராத்திரி 29ஆம் தேதி தொடங்குகிறது. இன்றைக்கு 18. ஆக, உங்களுக்கு ஏற்கெனவே நாள் தப்பிவிட்டது.

நான் அலைந்தது ஒரு பள்ளியின் பொன்விழாவுக்காக. தலைமையாசிரியை கறாரான அம்மா. காகிதம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். மனுவை வாங்கிய எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்து, “இதுக்கெல்லாமா வர்றீங்க?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். படிவம் கையிருப்பில் இல்லை. ஒரு பழைய கோப்பிலிருந்து யாரோ பூர்த்தி செய்த படிவத்தை எடுத்து, பெயரை வெள்ளைக் காகிதத்தால் மறைத்து ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். ஒரு அலுவலகத்தில், அவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். அங்கே போனால், இவர்கள் முதலில் போடட்டும் என்றார்கள். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவழியாக அனுமதி வந்தது.

பேனரைத் தூக்கிக்கொண்டு போனால், எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் வீட்டுக் காதணி விழா பேனர் நிற்கிறது. பதினாறுக்குப் பத்து. அதில் எண்ணும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டோம். “ரெண்டு நாள்தானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்று பதில் வந்தது. அனுமதி வாங்கிய நாங்கள் ஓரமாக ஒதுங்கிக் கட்டினோம்.

19 செப்டம்பர் 2019

அந்த அனுமதி எண் வரியைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று.

பேனர் கட்டுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? மரச்சட்டத்தின் மேல் பிளக்ஸை விரித்து, நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் பின்னால் மடித்து ஆணி அடிப்பார்கள். அப்புறம் சவுக்குக் கட்டை இரண்டை முட்டுக் கொடுத்து, கட்டுக்கம்பியால் முறுக்குவார்கள். டிசைன் பண்ணுகிற பையன் அனுமதி எண்ணைப் போடுவது அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில். அதற்கு மேலே உள்ள இடமெல்லாம் படங்களுக்குப் போய்விடும். பொன்விழா பேனரிலும் இதுவே நடந்தது. அவ்வளவு அலைந்து வாங்கிய எண், ஆணி அடித்ததும் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. தலைமையாசிரியை விடவில்லை. ஆணியைப் பிடுங்கி, இறக்கி, மறுபடி கட்ட வைத்தார். தெருவில் அதைப் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதிலிருந்து எங்கள் கடையில் அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டே அடிக்கிறோம். எண் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

21 செப்டம்பர் 2019

ஒரு நண்பர், “நீதிமன்றம் பேனரையே தடை செய்துவிட்டதே, அப்புறம் என்ன அனுமதி?” என்று கேட்கிறார். அப்படி இல்லை. 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது அரசியல் கட்சிகள் வைக்கும் பேனர்களுக்கு. சமூக ஆர்வலர் டிராபிக் ராமசாமி தொடர்ந்த வழக்கு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் பழைய விதிப்படிதான். அதற்கு முன்னால், 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அந்த வாரம் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தோம். ஒரு வாடிக்கையாளர் வந்து, “அப்போ தாத்தா படம் போடலாம்ல? அவர் போய்ச் சேர்ந்துட்டாரே” என்றார். தாத்தாவைப் பெரிதாகப் போட்டு, தன் பெயரை அதைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டு போனார்.

பள்ளிக்கரணையில் நின்றது ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணப் பேனர். அது கட்சிப் பேனரா, கல்யாணப் பேனரா? மணமக்கள் படம் ஒரு மூலையில், தலைவர்கள் படம் மற்ற எல்லா இடத்திலும் என்று எத்தனை அடித்திருப்போம்! எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அடித்த எங்களுக்கே தெரியாது.

22 செப்டம்பர் 2019

கொலு வைக்கிறவருக்கு: சாலையில் வைக்காதீர்கள். முனைக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கடைக்குள் ஒரு கரும்பலகை வையுங்கள். என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

28 செப்டம்பர் 2019

பள்ளிக்கரணைப் பேனரை வைத்த அந்தக் கட்சிக்காரரை, முன்னாள் கவுன்சிலரை, நேற்று கிருஷ்ணகிரிப் பக்கம் கைது செய்தார்கள். விபத்து நடந்தது 12ஆம் தேதி. லாரி ஓட்டியவர் உடனே கைது. பேனர் அடித்த அச்சகத்துக்கு உடனே சீல். வைத்தவரைப் பிடிக்க மட்டும் இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

அச்சகத்துக்குச் சீல் வைத்த செய்தி வந்த அன்று என் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் அடித்துக் கொடுப்பவர்கள். அதைச் சாலை நடுவில் நடுகிறாரா, வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறாரா என்பது எனக்கு எப்படித் தெரியும்? கத்தி செய்த கொல்லனைத் தூக்கி உள்ளே வைத்த கதையாக இருக்கிறது. 23 வயதுப் பெண், வேலை முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பியவர். இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி முதலில் போக வேண்டிய இடம் எது? சென்டர் மீடியனில் வரிசையாக நிற்கும் பேனர்களைத் தினமும் ஜீப்பில் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

அனுமதியில்லாமல் வைத்தால் ஓராண்டு சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று இப்போது அறிவிப்பு கொடுக்கிறார்கள். புதுச் சட்டம் போலச் சொல்கிறார்கள். இத்தனை வருடமும் இருந்த சட்டம்தான் அது.

1 அக்டோபர் 2019

“கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் 15 நாள் முன்னால் மனுக் கொடுக்கணுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விதியில் அதற்குத் தனிச் சலுகை எதையும் நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஒருவர் காலமானால், செய்தி கேட்ட அரைமணி நேரத்தில் எங்களுக்கு போன் வரும். பந்தல்காரருக்கும் அதே நேரத்தில் வரும். வாட்ஸப்பில் ஒரு கல்யாண குரூப் போட்டோ வரும். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டி எடுத்துவிட்டு, கண்ணாடியில் விழுந்த பிளாஷ் வெளிச்சத்தைத் துடைத்து, பின்னால் நீல வானம் வைத்து, மேலே ஒரு விளக்கு. பிணம் எடுப்பதற்குள் பேனர் நிற்க வேண்டும். போகிறவர் 15 நாள் முன்னால் சொல்லிவிட்டா போகிறார்?

சிரிப்புக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து விஷயமே இதில்தான் இருக்கிறது. துணி பேனர் காலத்தில் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் கோடு போட்டு, எழுத்துக்கு நிழல் கொடுத்து, காயவைத்துக் கொடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஆளின் முகத்தை வரைய வேண்டும் என்றால் இன்னும் கூடும், காசும் கூடும். அதனால் எண்ணி நாலு பேர்தான் வைத்தார்கள். இப்போது இரவு எட்டு மணிக்குப் படம் வருகிறது, பத்து மணிக்கு மிஷினை விட்டு இறங்குகிறது, விடியும்போது தெருவில் நிற்கிறது, மூன்றாம் நாள் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போய்விடுகிறது. மனு போய் மேசைக்கு மேசை நகர்வதற்குள் பேனர் பிறந்து செத்து முடிந்துவிடும். வருபவர்களில் பாதிப் பேர் சட்டத்தை மீற நினைத்து வருபவர்கள் இல்லை. 15 நாள் கழித்து என்ன செய்யப்போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

5 அக்டோபர் 2019

இந்த வாரக் கூத்து: மாமல்லபுரத்துக்குச் சீன அதிபரும் நம் பிரதமரும் வருகிறார்கள். வரவேற்புப் பேனர் வைக்க அனுமதி வேண்டும் என்று தமிழக அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நீதிமன்றம் சொன்னது, தடை கட்சிகளுக்குத்தான், அரசு விதிப்படி வைத்துக்கொள்ளலாம், எங்களிடம் வர வேண்டியதில்லை என்று.

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் பேனருக்கு அனுமதி கேட்டு இவ்வளவு பயபக்தியோடு போன முதல் ஆள் அரசாங்கம்தான். எங்கள் தலைமையாசிரியை இரண்டாவது. இல்லை, காலக்கணக்கில் அந்த அம்மாதான் முதல்.

11 அக்டோபர் 2019

கொலு வைத்தவர் எழுதியிருந்தார். கரும்பலகை வைத்தாராம், கூட்டம் வந்ததாம். சுண்டல் பத்தவில்லையாம்.

ஜூலை 2020

விசேஷம் எதுவும் இல்லை, மிஷின் மூடிக் கிடக்கிறது. அடிப்பதெல்லாம் ‘முகக்கவசம் அணிவீர்’ மட்டுமே. அதற்கு யாரும் அனுமதி எண் கேட்கவில்லை.

6 மே 2021

டிராபிக் ராமசாமி காலமாகிவிட்டார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். வழக்குப் போடுவதோடு நிற்கமாட்டார். சட்டைப்பையில் ஒருபக்கம் பேப்பர், கையில் பிளேடு என்று தெருவில் இறங்கிப் பேனரைக் கிழிப்பார். அடி வாங்கியிருக்கிறார், மறுநாளும் வருவார். தனிமனிதர் ஒருவர் சாலையில் நின்று செய்த வேலையைச் சம்பளம் வாங்கும் ஒரு துறை செய்திருந்தால், நானெல்லாம் பத்து வருடம் முன்பே விசிட்டிங் கார்டு அடிக்கப் போயிருப்பேன். அவரைத் திட்டியவன்தான் நான். இருந்தாலும் அன்று மிஷினை ஓட்டவில்லை.

அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கலாமா என்று கடைப்பையன் கேட்டான். வேண்டாம்டா, அவர் ஆவி வந்து கிழிக்கும் என்றேன்.

25 ஆகஸ்ட் 2021

விழுப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்துவிட்டான். கல்யாண வரவேற்புக்குக் கொடிக்கம்பம் நட்டபோது மேலே போன மின்கம்பியில் பட்டிருக்கிறது. 2019இல் எல்லாக் கட்சிகளும் பேனர் வேண்டாம் என்று தொண்டர்களிடம் சொன்னதை நானும் நம்பினேன். கொஞ்ச நாள் ஆர்டர் குறைந்தது நிஜம். ஆனால் பேனர் குறைந்த இடத்தில் கொடி ஏறியது. கொடிக்கம்பத்துக்கும் சாலையைத் தோண்டத்தான் வேண்டும், அதற்கும் யாரோ அனுமதி தரத்தான் வேண்டும். இவற்றை நடுவதற்குக் கூலிக்கு வருபவர்கள் யார் என்று பாருங்கள். ராத்திரி வேலை, கையுறை கிடையாது, காலில் செருப்புகூட இருக்காது. மேலே கம்பி போகிறதா என்று இருட்டில் யார் பார்க்கிறார்கள்? விதிகளில் சாலை அகலத்துக்கும் பேனர் அளவுக்கும் கணக்கு இருக்கிறது. கட்டுகிற ஆளைப் பற்றி யாரும் என்னிடம் எப்போதும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

9 ஜூன் 2023

கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை சரிந்து தொழிலாளர்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். அது இரும்புச் சாரத்தில் நிற்கும் ராட்சதப் பலகை, நம் மரச்சட்டப் பேனர் இல்லை என்று ஒருவர் திருத்தம் சொல்லியிருக்கிறார். சரிதான். பலகைக்கு உரிமம், வாடகை, வரி என்று அதன் உலகம் வேறு. ஆனால் காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிளக்ஸ் காற்றை விடாது. பெரிய பேனர்களில் அரைவட்டமாகக் கிழித்து ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது காற்று போகத்தான். வாடிக்கையாளர் பாதிப் பேர் அதை வேண்டாம் என்பார்கள், அண்ணன் முகத்தில் ஓட்டை விழுந்துவிடுமாம்.

இப்போது தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம். மேலே 2019இல் நான் எழுதிய ஓராண்டு, 5,000 என்பது பழைய கணக்கு. புதிதாகப் படிப்பவர்கள் அதை வைத்து வாதாட வேண்டாம்.

10 ஜூன் 2023

அச்சகத்துக்குச் சீல் வைத்ததைப் பற்றி அன்று பொரிந்து தள்ளியிருந்தேன். நேற்று அதை மறுபடி படித்தேன். கோபம் கோபம்தான், ஆனால் இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது.

நாளைக் காலை ஊரில் எங்கெங்கே என்னென்ன நிற்கப்போகிறது என்பது முந்தின இரவு யாருக்குத் தெரியும்? காவல் நிலையத்துக்குத் தெரியாது, மாநகராட்சிக்குத் தெரியாது. பிளக்ஸ் கடைக்குத் தெரியும். அளவு தெரியும், எத்தனை என்று தெரியும், கட்டுவதற்கு ஆளும் நாங்களே அனுப்புவதால் எந்தத் தெரு என்பதும் தெரியும். ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று அன்று எழுதினேனே, பாதி ஆர்டருக்குத்தான் அது பொருந்தும். விபத்துக்குப் பின் சீல் வைப்பதில் பிரயோசனம் இல்லை. ஆனால் எண் இல்லாமல் மிஷினில் ஏற்றாதே என்று முன்கூட்டியே எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி கெடுபிடி இருந்தால் வேலை நடக்கும். ‘எல்லாக் கடைக்கும்’ என்பதுதான் முக்கியம். நான் மட்டும் மாட்டேன் என்றால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். ஊர் முழுக்க மாட்டோம் என்றால் அடுத்த ஊரில் அடித்து பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார், பிளக்ஸ் சுருட்டினால் கைக்குழந்தை அளவுதான்.

அதோடு எண்ணும் அன்றைக்கே கிடைக்க வேண்டும். ஊரில் பத்து இடத்தை மாநகராட்சியே குறித்து, இரும்புச் சட்டம் நட்டு, இன்ன அளவு, நாளைக்கு இவ்வளவு வாடகை என்று வைத்துவிட்டால் என்ன? சட்டம் காலியாக இருந்தால் ரசீது, இல்லாவிட்டால் இல்லை. துக்கத்துக்கு ஒன்றை ஒதுக்கிவைக்கலாம். இதைச் சொன்னால் எங்கள் சங்கத்தில் அடிக்க வருகிறார்கள். பத்து இடம் என்றால் பத்து பேனர்தானே!

14 ஜூன் 2023

“கேரளம் மாதிரி பிளக்ஸையே ஒழித்தால் தீர்ந்தது” என்று ஒரு தம்பி. 2019 ஆகஸ்டில் அங்கே பி.வி.சி. பிளக்ஸைத் தடை செய்தார்கள், உண்மை. குப்பைப் பிரச்சினைக்கு அது நல்லது. ஆனால் மண் தின்னாத பிளக்ஸ் போய் மக்கும் துணி வந்தாலும், சென்டர் மீடியனில் நட்டால் அது நட்டதுதானே. தலையில் விழுவது மரச்சட்டம், பிளக்ஸ் இல்லை.

2 ஜூலை 2024

மும்பை காட்கோபரில் மே மாதம் விழுந்த பலகை 120க்கு 120 அடி. மாநகராட்சி விதியில் உச்சவரம்பு 40க்கு 40. பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலம், அவர்கள் அனுமதி கொடுத்தார்கள், எங்களைக் கேட்கவில்லை என்றது மாநகராட்சி. படித்ததும் எனக்கு அந்தப் பொன்விழாவின் இரண்டு அலுவலகங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

2019இல் திருத்தணியில் ஒரு நடிகருக்கு ரசிகர்கள் 215 அடியில் கட்-அவுட் வைத்ததும், அனுமதி இல்லை என்று இறக்கியதும் நினைவிருக்கிறதா? 215 அடி! முதல் நூறு அடி ஏறும் வரை அந்தப் பக்கம் யாரும் போகவில்லை போல.

8 பிப்ரவரி 2025

பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புக் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்றச் சொல்லி ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. விழுப்புரம் குறிப்புக்குக் கீழே இதைச் சேர்த்துப் படியுங்கள். கம்பம் போனால் எது ஏறும் என்று கேட்டீர்கள் என்றால், இந்த மாதம் எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிற வண்டிக்காரர் இரண்டு பேர் என்னிடம் கூட்டு சேரக் கேட்டிருக்கிறார்கள். வண்டி நிற்பதற்கு யாரிடம் அனுமதி என்றேன். “அது ஓடிக்கிட்டேதானே இருக்கும்ணே” என்றார் ஒருவர்.

20 பிப்ரவரி 2025

கடையில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டவருக்கு. ஆர்டர் ரசீதில் ‘வைக்கும் இடம்’, ‘அனுமதி எண்’ என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். சாலை நடுவில் என்று எழுதினால் அடிப்பதில்லை, அதில் போன வாடிக்கையாளர்கள் போனார்கள். ‘வைக்கும் இடம்’ கட்டத்தில் இப்போதெல்லாம் எல்லோரும் ‘மண்டபம் உள்ளே’ என்று எழுதுகிறார்கள், அளவு மட்டும் இருபதுக்குப் பன்னிரண்டு. ‘அனுமதி எண்’ கட்டத்தில் பெரும்பாலும் போன் நம்பர் இருக்கிறது.